எல்க் மலைக் காற்றும் இழுத்துச் செல்லும் வீடும்

வீட்டைக் காரின் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சஞ்சரிக்கும் வழக்கம் அமெரிக்க மக்களிடையே வேரூன்றி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகிறது. அவ்வழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், விரும்பிய இடத்தில் தங்கி விரும்பிய வேளையில் புறப்படும் சுதந்திரத்தையும், படுக்கையும் அடுப்பும் கூடவே வருகின்ற சௌகரியத்தையும் விஸ்தாரமாகச் சொல்லி மகிழ்வது இயல்பே. ஆனால் அந்த வீட்டுக்கு முதல் நாளிலிருந்தே சத்துருவாக நின்றுவரும் காற்றின் கதையும், அக்காற்றை மதித்தவர்கள் யார், மறந்தவர்கள் யார் என்ற கதையும் அதைவிட ஆராயத் தக்கவை என்பது என் எண்ணம். அதைச் சொல்லத் தொடங்குவதற்கு, வயோமிங் மாநிலத்தின் தென்பகுதியில் லாரமி நகரத்துக்கும் வால்காட் சந்திப்புக்கும் இடையே, எல்க் மலையின் அடிவாரத்தை ஒட்டிச் செல்லும் 77 மைல் சாலையைவிடப் பொருத்தமான ஸ்தலம் எனக்குத் தோன்றவில்லை.

வடக்கு தெற்காக நீண்டு நிற்கும் ராக்கி மலைத்தொடர் வயோமிங்கின் தென்பாகத்தில் தாழ்ந்து, வடக்கே விண்ட் ரிவர் மலைகளும் தெற்கே கொலராடோவின் சிகரங்களும் இரு மருங்கும் உயர்ந்திருக்க, இடையில் அகன்ற ஒரு வாயிலாக அமைந்திருக்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்று இந்த வாயிலில் வந்து நெருக்குண்டு, வேகம் பெற்று, 11,000 அடிக்கு மேல் உயர்ந்த எல்க் மலையின் தோள்களைச் சுற்றிக்கொண்டு, கடல்மட்டத்துக்கு மேல் 7,000 அடி உயரத்தில் மரத்தின் மறைவுகூட இல்லாமல் பரந்து கிடக்கும் லாரமிச் சமவெளியின்மீது பாய்கிறது. குளிர்கால மாதங்களில் மணிக்கு 60 மைல் வேகத்தில் அடிக்கும் குத்துக்காற்று அங்கே அபூர்வமன்று. இதைவிட முக்கியமான விசேஷம் ஒன்று உண்டு. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகிறது. சாலையோ தென்கிழக்கிலிருந்து வடமேற்காகச் செல்கிறது. ஆகவே அவ்வழியே போகும் வாகனத்தைக் காற்று முகத்தில் எதிர்ப்பதுமில்லை, முதுகில் தள்ளுவதுமில்லை; நேராக விலாவில் தாக்குகிறது.

இந்தப் பிரதேசத்தின் குணத்தை அறிந்துகொள்ள விஞ்ஞானக் கருவிகள் தேவைப்படவில்லை. 1862இல், தபாலையும் பிரயாணிகளையும் ஏற்றிச் செல்லும் குதிரைவண்டித் தொழிலை நடத்திவந்த பென் ஹாலடே என்பவர், வடக்குத் தடத்திலிருந்து தம் வண்டிகளை எல்க் மலை வழியாகத் திருப்பினார். அத்தடத்தைக் காப்பதற்காக மலையின் வடக்கு அடிவாரத்தில் ஹாலெக் கோட்டை நிர்மாணிக்கப்பட்டது. அந்தக் கோட்டை 4 ஆண்டுகளே நிலைத்திருந்து 1866இல் கைவிடப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் யூனியன் பசிபிக் ரயில்பாதையைப் போட்டுக்கொண்டு வந்த பொறியாளர்கள், லாரமியைக் கடந்ததும் மலையடிவாரத்தை நெருங்காமல், வடக்கே வளைந்து மெடிசின் போ என்ற ஊர் இன்று இருக்கும் பக்கமாகச் சுற்றிச் சென்றார்கள். நிலக்கரியும் சாய்வு குறைந்த தரையும் அவர்களை அந்தப் பக்கம் ஈர்த்தன என்பது வாஸ்தவம். ஆயினும் மலையடிவாரத்தின் காற்றும் பனியும் அந்தச் சுற்றுவழியால் பெருமளவு தவிர்க்கப்பட்டன என்பதும் வாஸ்தவமே. 1913இல் வகுக்கப்பட்ட லிங்கன் நெடுஞ்சாலையும், அதன் வாரிசாக வந்த 30ஆம் எண் சாலையும் ரயில்பாதையின் அடியொற்றியே சென்றன. ஆக, குதிரைவண்டி விட்டுச் சென்ற அந்த அடிவாரத்தை நூறு ஆண்டுக் காலம் எந்தப் பெரிய பாதையும் நாடவில்லை.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் அமைக்கும் திட்டம் வந்தபோதுதான் அந்த விவேகம் கைநழுவியது. எல்க் மலையின் அடிவாரத்தை ஒட்டிச் சென்றால் சுமார் 20 மைல் தூரம் மிச்சமாகும் என்பது படத்தில் கோடு கிழித்தவர்களின் கணக்கு. தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு வளர்த்து வாழ்ந்தவர்கள், அது குளிர்காலத்தில் மனிதர் போகத்தக்க வழியன்று என்று எடுத்துச் சொன்னார்கள். அவர்களுடைய சொல் ஏறவில்லை. 1970 அக்டோபர் 3ஆம் தேதி சாலை திறந்துவைக்கப்பட்டது. ஒரு வாரம் முடிவதற்குள் புயல் வந்து அதை மூடியது. முதல் குளிர்காலம் முடிவதற்குள் லாரி ஓட்டிகள் அந்தச் சாலையை ஏளனப் பெயரிட்டு அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அதன்பின் ரானல்டு டேப்ளர் என்ற அறிஞர் காற்றில் பனி பறந்து செல்லும் முறையை ஆராய்ந்து, சாலையிலிருந்து தள்ளி, காற்று வரும் திசையில், பாதிக்குப் பாதி இடைவெளி விட்ட உயரமான மரவேலிகளை நிறுத்தும் யுக்தியை வகுத்தார். வேலியின் சட்டங்களுக்கிடையே புகும் காற்று வேகம் தளர்ந்து, சுமந்து வந்த பனியை வேலிக்கு அப்பால் தரையில் இறக்கிவிடுகிறது. சாலைக்கு வந்து சேரும் பனி குறைகிறது. அந்த வேலிகள் செய்திருக்கும் உபகாரம் பெரிது. ஆனால் வேலி பனியைத்தான் பிடிக்கும். சாலைக்கு வந்து சேரும்போது காற்று மறுபடியும் தன் முழு வேகத்தோடுதான் இருக்கிறது. பனியில்லாத, வானம் பளிச்சென்று தெளிந்திருக்கும் நாளிலும் அந்தச் சாலையில் வண்டிகள் கவிழ்வது இதனால்தான்.

இனி, கவிழும் அந்த வண்டியின் பூர்வ சரித்திரத்துக்கு வருவோம். 1885இல் இங்கிலாந்தில், கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர், உல்லாசப் பிரயாணத்துக்கென்றே சக்கரத்தின்மேல் ஒரு வீடு கட்டுவித்துக் குதிரைகளைப் பூட்டிச் சென்றார். குதிரையின் நடைவேகத்தில் சென்ற அந்தக் கனத்த மரவீட்டுக்குக் காற்றினால் பெரிய உபத்திரவம் நேர நியாயமில்லை. மோட்டார் வந்து வேகம் வந்த பிறகே காற்று சத்துருவாயிற்று. அமெரிக்காவில் இந்தப் புதிய நிலைமையை முதலில் உணர்ந்தவர்களில் சிலர் தச்சரோ வண்டி செய்பவரோ அல்லர் என்பதை நான் மிக முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன். அவர்கள் ஆகாய விமானம் செய்தவர்கள்.

அமெரிக்க விமானத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான கிளென் கர்ட்டிஸ், 1920களின் இறுதியில் புளோரிடாவில் ஏரோகார் என்ற இழுவை வீட்டைச் செய்தார். விமானத்தின் உடலைப் போலவே மெல்லிய மரச்சட்டங்களைக் கம்பிகளால் இழுத்துக் கட்டி அமைத்த கூடு அது. ஆகவே எடை குறைவு. அதைவிடப் பெரிய சிறப்பு, காரோடு அதைப் பூட்டிய முறையில் இருந்தது. காரின் பின்பம்பருக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியில் மாட்டாமல், காரின் பின்னச்சுக்கு மேலேயே, படுக்கை வசமாக வைத்த காற்றடைத்த டயர் ஒன்றின் நடுவில் வீட்டின் முனையை இறக்கிப் பொருத்தினார். சாலையின் அதிர்ச்சியை டயர் விழுங்கிக்கொண்டது. பக்கவாட்டில் வரும் தள்ளுவிசை பின்னச்சின் மேலேயே இறங்கியதால் காரின் வாலைப் பிடித்துத் திருப்பும் வலிமையை இழந்தது. இந்த ஒரு தத்துவத்தில் மற்ற எல்லாம் அடங்கியிருக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்தவர் ஹாலி போலஸ். 1927இல் லிண்ட்பர்க் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியாகக் கடந்த விமானத்தின் நிர்மாணத்தை, சான் டியாகோவிலிருந்த ரயன் தொழிற்சாலையில் மேற்பார்வையிட்டவர் அவர். இயந்திரமில்லாமல் காற்றிலேயே மிதக்கும் கிளைடர்கள் செய்வதில் பிரசித்தி பெற்றவர். 1934இல் அவர் செய்த ரோடு சீஃப் என்ற வீடு, அலுமினியக் கலவைத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்து, முன்னும் பின்னும் குறுகி, மேற்புறம் வளைந்து அமைந்தது. எடை சுமார் 1,100 ராத்தல்தான். அவருடைய தொழில் கடனில் முழுகியபோது, அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, வாசற்படியை முன்புறத்திலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றி, 1936இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்ற பெயரில் 1,200 டாலருக்கு விற்றவர் வாலி பயம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது வீடு செய்ய அலுமினியம் கிடைக்காமல் அவரும் விமானத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார். யுத்தம் முடிந்ததும் டல்ஸா நகரத்தில், எண்ணெய்ச் செல்வர் பால் கெட்டி நடத்திய ஸ்பார்ட்டன் விமானக் கம்பெனி, விமானத்தை விட்டுவிட்டு அலுமினிய டிரெய்லர் வீடுகள் செய்யப் புகுந்தது. காற்றோடு பழகியவர்களின் கைவரிசை இந்த வண்டிகளின் வளைவுகளில் தெரிகிறது. காற்றை எதிர்த்து நிற்கக் கூடாது, அதை வழுக்கி விட வேண்டும் என்பதை அவர்கள் விமானக் கொட்டகையிலேயே கற்றிருந்தார்கள்.

ஆனால் வளைந்த தகட்டை உருவாக்கக் கூலி அதிகம். வளைந்த சுவரோரத்தில் அலமாரி பொருந்தாது. வாங்குகிறவர்களுக்கு வேண்டியிருந்தது இடம். செவ்வகப் பெட்டியாகச் செய்தால் அதே விலைக்கு அதிக இடம் கிடைக்கும் என்று கண்ட தொழில், சிறிது சிறிதாகப் பெட்டியின் பக்கம் சாய்ந்தது. 1954இல் வெளிவந்த, லூசில் பால் நடித்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்ற ஹாலிவுட் படத்தில் புதுமணத் தம்பதிகள் இழுத்துச் செல்வது 36 அடி நீள வீடு. அந்தப் படத்தில் மனைவி போகுமிடமெல்லாம் ஞாபகார்த்தமாகக் கற்களைப் பொறுக்கி வீட்டுக்குள் சேர்த்துவைக்கிறாள். மலைச்சாலையில் அவை அவர்களை எமனிடம் கொண்டுபோகப் பார்க்கின்றன. ஜனங்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் கற்கள் எத்தனை என்பது மட்டுமல்ல, எங்கே வைக்கப்பட்டன என்பதும் உயிரைக் காக்கும் கேள்வி என்பதை டிரெய்லர் இழுத்தவர்கள் அறிவார்கள்.

நம் ஊரில் மாட்டுவண்டியில் பாரம் ஏற்றத் தெரிந்த எவருக்கும் இந்தச் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி எழும்பி மாட்டின் கழுத்தைத் தூக்கும். முன்பாரம் மிகுந்தால் கழுத்தை அழுத்தும். அளவான முன்பாரமே வண்டியை நேரே ஓடச் செய்யும். டிரெய்லருக்கும் விதி அதுவே. வீட்டின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை காரின் கொக்கிமேல் அமர வேண்டும்; 7,000 ராத்தல் எடையுள்ள வீடானால் 700 முதல் 1,050 ராத்தல் வரை. அது குறைந்து, பாரம் பின்னால் போய்விட்டால், காற்று ஒருமுறை தட்டியதும் வீடு கொக்கியை மையமாகக் கொண்டு இருபக்கமும் ஆடத் தொடங்கும். குறைந்த வேகத்தில் அந்த ஆட்டம் தானே அடங்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிவிட்டாலோ ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, சில விநாடிகளுக்குள் காரையும் சேர்த்துச் சாலையின் குறுக்கே புரட்டிவிடும். பின்புறத்தில் தொங்கவிட்ட இரண்டு சைக்கிள்களும், பின்னறையில் அடுக்கிய டப்பா உணவுகளும், பின்பக்கம் அமைந்த தண்ணீர்த் தொட்டியில் நிரம்பிய நீரும் இந்த அபாய வேகத்தின் வரம்பைக் கீழே இழுத்துவிடக்கூடியவை.

பம்பருக்குப் பின்னால் நீட்டிய கொக்கியில் கனத்த முன்பாரத்தை ஏற்றினால், காரின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்கள் இலேசாகிவிடும். திருப்பும் பிடிப்பு குறையும். இதைப் போக்கக் கண்டுபிடித்த சாதனம் இரண்டு எஃகு வில்தண்டுகள். கொக்கியிலிருந்து பின்னோக்கி நீளும் அவற்றின் நுனிகளைச் சங்கிலியால் மேலே இழுத்து வீட்டின் சட்டத்தில் மாட்டும்போது, அவை நெம்புகோலாகி, பாரத்தின் ஒரு பகுதியைக் காரின் முன்னச்சுக்கும் மற்றொரு பகுதியை வீட்டின் அச்சுக்கும் தள்ளிவிடுகின்றன. இதனோடு, ஆட்டத்தை உராய்வினால் தணிக்கும் பட்டைகளும் சேர்ந்தன. பிற்காலத்தில் ஹென்ஸ்லி என்ற அமெரிக்கர் நான்கு தண்டுகள் கொண்ட ஓர் இணைப்பைப் படைத்தார். கொக்கி பம்பருக்குப் பின்னால் இருந்தாலும், வீடு சுழலும் மையம் காரின் பின்னச்சுக்கு அருகே இருப்பதற்குச் சமமான பலனை அது தருகிறது. கனத்த வீடுகளை இழுப்பதற்காக, பிக்கப் லாரியின் முதுகிலேயே, பின்னச்சுக்கு மேலாகப் பூட்டும் வகையும் பெருவழக்காயிற்று. இவையெல்லாம் கர்ட்டிஸ் தம் டயரை வைத்த அதே இடத்துக்குப் பல்லாண்டுகள் கழித்துச் சுற்றி வந்து சேர்ந்த வழிகள்.

ஆனால் இணைப்பு எவ்வளவு உயர்ந்ததானாலும் அது ஆட்டத்தைத்தான் அடக்கும். காற்றின் தள்ளுவிசையை ஒரு ராத்தல்கூடக் குறைக்காது. விற்பனைக் கடைகளில் இந்த உண்மை உரக்கச் சொல்லப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். 30 அடி நீளமும் 9 அடி உயரமும் உள்ள பெட்டியின் பக்கச் சுவர் 270 சதுர அடிப் பாய். மணிக்கு 60 மைல் வேகக் காற்று அதன்மேல் நேர்க்குறுக்காக அடித்தால், எல்க் மலையின் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதைக் கழித்துப் பார்த்தாலும், சுமார் 2,000 ராத்தல் விசை விழும். காற்றின் வேகம் பாதியானால் விசை பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடுகிறது. வேகம் ஒன்றரை மடங்கானால் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. ஆகவே 30 மைல் காற்றில் சௌக்கியமாக ஓட்டிவந்த ஒருவர், அந்த அனுபவத்தை நம்பி 60 மைல் காற்றில் புகுவது பெருந்தவறு. அதிலும் சீராக வீசும் காற்றைவிட விட்டுவிட்டு வீசும் காற்று கொடியது. மலையைக் குடைந்து வெட்டிய மறைவிலிருந்து வெளிப்படும் கணத்திலும், பாலத்தின் மேல் ஏறும் கணத்திலும், பெரிய லாரி ஒன்று கடந்து சென்று அதன் மறைப்பு திடீரென்று நீங்கும் கணத்திலும் முழு விசையும் ஒரே அடியாக விழுகிறது.

ஆட்டம் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியது மனித சுபாவத்துக்கு நேர்விரோதமானது. கால் தானே காரின் பிரேக்கை நாடும். அதை மிதித்தால் கார் தளர, பின்னால் வரும் வீடு அதை முட்டித் திருப்பும். கை தானே ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கும். ஒவ்வோர் ஒடிப்பும் அடுத்த ஆட்டத்துக்கு ஊட்டமாகும். இதற்காகவே ஓட்டுகிறவரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிறு நெம்பு அமைந்திருக்கிறது. அதை விரலால் தள்ளினால் வீட்டின் சக்கரங்களில் உள்ள மின்சார பிரேக் மட்டும் பிடிக்கும். முன்னே கார் இழுக்க, பின்னே வீடு தயங்க, இரண்டுக்கும் இடையே இழுவிசை ஏற்பட்டு வண்டி நேராகிவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்து, அந்த நெம்பைத் தள்ளுவது: இவ்வளவுதான் சாமர்த்தியம். ஆனால் அமைதியான நாளில், ஆளில்லாத சாலையில் அந்த நெம்பைத் தள்ளிப் பழகியிராத விரல், ஆபத்து நேரத்தில் அதைத் தேடிக்கொண்டிருக்கும். ஆட்டத்தை அடக்கும் இந்த உபாயமும், வண்டியை விலாவில் தள்ளிக் கவிழ்க்கும் காற்றுக்கு முன்னால் பயனற்றது. அதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பதும், முடிவில் நிற்பதுமே.

வயோமிங் சாலை நிர்வாகம் பல ஆண்டு அனுபவத்தால் வந்து சேர்ந்த முடிவும் அதுவே. காற்று அளவு மீறும்போது எல்க் மலைச் சாலையை எல்லோருக்கும் மூடாமல், எடை குறைந்து உயரம் மிகுந்த வாகனங்களுக்கு மட்டும் மூடுகிறார்கள். சரக்கு நிரம்பிய லாரி போகலாம். அதே லாரி வெறுமையாக வந்தால் போகக் கூடாது. டிரெய்லர் வீடு போகக் கூடாது. எடைக்கும் பக்கப் பரப்புக்கும் உள்ள விகிதமே எல்லாம் என்ற உண்மையை இதைவிடத் தெளிவாக ஓர் ஆணையில் எழுத முடியாது. 2009 முதல், காற்றுக்கும் பனிக்கும் ஏற்ப மாறும் வேக வரம்பைக் காட்டும் மின்பலகைகளும் அங்கே நிற்கின்றன. தடை அறிவிக்கப்பட்ட நாளில் கிழக்கே லாரமியிலும் மேற்கே ராலின்ஸிலும் டிரெய்லர்காரர்கள் வந்து தங்குகிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் வீட்டைக் காரிலிருந்து கழற்றுவதில்லை. காரின் எடை வீட்டுக்கு நங்கூரமாகும். வீட்டின் நெற்றி காற்றைப் பார்க்கும்படி நிறுத்தி, வெயில்மறைப்பைச் சுருட்டிக் கட்டி, தாங்குகால்களை இறக்கி, உள்ளே இருக்கும் பாரத்தை வீட்டின் அச்சுக்கு முன்பக்கமாக ஒதுக்கி, கொக்கியின் சங்கிலிகளை மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் காற்று சற்றுத் தணியும் வேளையில் சாலை திறந்துவிட்டதா என்று விசாரிக்கிறார்கள். திறக்கவில்லையென்றால் இன்னொரு நாள் இருந்து போகிறார்கள்.